எட்டாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக நடந்தவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாசமாக இருக்கும் பெண்கள் "வலி தாங்க முடியுமாக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா" என்பேன். தைரியம் சொல்வதாக நினைப்பு. பிள்ளை பெற்ற பிறகு ஒருத்தி கேட்டாள்: "ஏங்க்கா பொய் சொன்னீங்க? எனக்கு மட்டும்தான் இப்படி வலிக்குது, ஏதோ ஆகிப்போச்சுன்னு பயந்துட்டேன்." அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். வலிக்கும், விட்டு விட்டு வரும், தலைச்சன் பிரசவம் என்றால் 12 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும் என்று உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன். அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004-லேயே வந்துவிட்டது. அதையும் கேட்டு வாங்கச் சொல்வேன்.

வலியைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். பாலைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

ஒரு வீட்டுக்கு, பிரசவமான மூன்றாம் நாள் காலையில் போனேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கக் குழந்தை அழுகை. "பால் பத்தலை நர்சம்மா, இவளுக்குப் பாலே ஊறலை" என்றார் பாட்டி. பிறந்ததும் நாக்கில் இனிப்பு தடவி, சேனை வைத்தாயிற்று. இப்போது பாலாடைச் சங்கில் சீனித்தண்ணி தயாராக இருந்தது. நான் அந்தப் பெண்ணிடம், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டாள். மூன்று நாளாக எல்லாரும் குழந்தையைத்தான் விசாரித்தார்களாம். தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்தார்களாம், வயிறு பெருத்துவிடும் என்று. அப்போதுதான் கவனித்தேன், அவள் ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பால் இல்லை என்று அத்தனை பேரும் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், பால் வழிந்துகொண்டிருந்தது!

ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வைத்தேன். குழந்தையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்ததும் மார்போடு சேர்த்தேன். காம்பை மட்டும் கவ்வினால் புண்தான் வரும், கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் மடக் மடக் என்று விழுங்கும் சத்தம். பாலாடையைப் பாட்டியே எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

பாட்டிமேல் தப்பில்லை. யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால்தான், அதாவது கெட்டியான முதல் பால்தான் வரும், முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பச்சைப் பிள்ளைக்கு அது போதும். இரண்டாம் ராத்திரி அழுதுகொண்டே இருக்கும், விடாமல் மார்பைத் தேடும். அது தேடித் தேடிச் சப்பினால்தான் பால் ஊறும். 3 கிலோ பிள்ளை 2 கிலோ 800-க்கு இறங்கும், இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவை ஈரம் பண்ணினால் பால் பத்துகிறது என்று அர்த்தம். குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ உடனே காட்டுங்கள். இதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். வளைகாப்புக்குப் போகிறீர்களா? வளையலைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதையும் சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றவள் நாலாம் நாள், ஐந்தாம் நாள் காரணம் தெரியாமல் அழுவாள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகும். அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால், காத்து கருப்பு என்று மந்திரிக்க அலையாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கணவன்மார்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதி வந்தேன், நேரமில்லை. ராத்திரி பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது உங்கள் வேலை. அப்புறம், அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். வணக்கம்.