எதிராளியைக் கேளுங்கள்: ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பற்றி ஓர் உரை

அவையோருக்கு வணக்கம்.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவரைப் பற்றிய பரிந்துரைக் கடிதத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. சட்டத்தில் அவருக்கு ‘ஃபேர் நாலெட்ஜ்’ உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ‘ஃபேர்’ என்றால் நேர்மை, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ‘இவருக்குச் சட்டத்தில் நேர்மையான அறிவு உண்டு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார்: ‘நேர்மையற்ற அறிவு என்று ஒன்று உண்டா?’

கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கோ அது பிழைப்புக்கு வழிகாட்டும் கேள்வியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு சொல்லின் பொருளில் ஐயம் வந்தால் அதன் உறவுக்காரர்களிடம் நான் போவதில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். நேராக எதிராளியின் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன். இந்த இடத்தில் உன்னோடு மோதுகிற சொல் எது என்று கேட்பேன். ‘ஃபேர்’ என்ற சொல்லை இன்று அப்படித்தான் விசாரிக்கப் போகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஃபேயர்’ என்பதுபோல ஒலித்தது. அன்று அதற்குப் பொருள் அழகு, இனிமை. நீதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தில் கிரெண்டல் என்னும் அரக்கன் இரவில் மண்டபத்துக்குள் நுழைகிறான். அவன் கண்களிலிருந்து தீச்சுடர் போன்ற ஓர் ஒளி கிளம்புகிறது. அந்த ஒளிக்குக் கவிஞர் கொடுக்கும் அடைமொழி, இன்றைய ‘அன்ஃபேர்’ என்பதன் மூதாதை. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் ‘நியாயமற்ற ஒளி’ என்று ஆகிவிடும். நான் சட்ட அறிவுக்குச் செய்ததைப் போன்ற கூத்துதான் அதுவும். காண விகாரமான, அச்சம் தருகிற ஒளி என்பதே அங்கே பொருள்.

அழகு எப்படி நியாயமாயிற்று? இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம். கப்பல்காரர்களின் பேச்சைக் கவனியுங்கள். அவர்களுக்குச் சாதகமான காற்று ‘ஃபேர்’, பாதகமான காற்று ‘ஃபவுல்’. கயிறு சிக்கில்லாமல் ஓடினால் ‘ஃபேர்’, எதிலாவது சுற்றிக்கொண்டால் ‘ஃபவுல்’. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் சின்னத்தில் ஒரு நங்கூரத்தைக் கயிறு சுற்றிக் கிடக்கும். அந்த நங்கூரத்துக்குப் பெயரே ‘ஃபவுல் ஆங்கர்’. கப்பல் தடையின்றிப் போகக்கூடிய நீர்த்தடத்துக்கு ‘ஃபேர்வே’ என்று பெயர். ஆக, கடலில் அழகு என்றால் தடையின்மை, சிக்கின்மை. இனி கரைக்கு வாருங்கள். கால்பந்தில் பந்தோடு ஓடுகிறவனின் காலைத் தட்டிவிட்டால் நடுவர் ஊதுவது ‘ஃபவுல்’. ஓடுகிற கயிற்றில் விழுந்த முடிச்சும் ஓடுகிற காலில் விழுந்த உதையும் ஒரே பெயரைப் பெற்றுவிட்டன. அழகுக்கும் நியாயத்துக்கும் நடுவே இந்தத் தடையின்மைதான் பாலமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எதிராளி மாறினால் சொல்லின் முகமும் மாறும். எதிரே ‘டார்க்’ நின்றால் ‘ஃபேர்’ என்பது வெளிர் நிறம். எதிரே ‘ரஃப்’ நின்றால், அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதி. இதில் நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் 1609 இல் அச்சாயின. அவற்றில் 127 ஆவது பாடல், பழங்காலத்தில் கறுப்பை யாரும் ‘ஃபேர்’ என்று கொள்ளவில்லை என்று தொடங்குகிறது. வெளிர் நிறம், அழகு என்ற இரு பொருள்களையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்துக்கொண்டு கவிஞர் விளையாடுகிறார். விளையாட்டு ரசிக்கத்தக்கது. ஆனால் நடுநிலையைக் குறிக்கும் சொல்லே ஒரு நிறத்தின் பக்கம் சாய்ந்து நிற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எதிராளியே இல்லாத இடங்களும் உண்டு. மெய்ப்புக்காரர் பிடித்தது அப்படிப்பட்ட இடத்தைத்தான். ‘ஃபேர் நாலெட்ஜ்’ என்பதில் ‘ஃபேர்’ வெறும் அளவைச் சொல்கிறது. ஓரளவு, சுமாராக, போதுமான மட்டும். மதிப்பீட்டுத் தாள்களில் ‘எக்ஸலென்ட்’, ‘குட்’, ‘ஃபேர்’, ‘புவர்’ என்று படிகள் இருக்குமே, அங்கே அது கடைசிக்கு முந்திய படி. ஒரு காலத்தில் அரசிளங்குமரிகளை வர்ணித்த சொல், இன்று தேறியவர்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. சொற்களுக்கும் நல்ல காலம், கெட்ட காலம் உண்டு.

புத்தகக் கண்காட்சியைச் சொல்லும் ‘ஃபேர்’ வேறு குடும்பம். லத்தீனில் திருவிழா நாளைக் குறித்த ‘ஃபேரியா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலியும் எழுத்தும் ஒத்துப்போயின, அவ்வளவே. இதற்கும் எதிர்ச்சொல் கிடையாது.

இப்போது நியாயத்தின் உறவுக்காரர்களைப் பார்ப்போம். ‘ஜஸ்ட்’, ‘இம்பார்ஷியல்’, ‘ஈக்விட்டபிள்’ என்று ஒத்தசொல் அகராதி அடுக்கிக்கொண்டே போகும். இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று நம்பினால் ஆபத்து. ஒரு தேர்வுக்கூடத்தைக் கற்பனை செய்யுங்கள். மூன்று மணி நேரத் தேர்வு. ஒரு மாணவிக்கு எழுதுகிற கையில் மாவுக்கட்டு. கண்காணிப்பாளர் ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் மூன்று மணி நேரம் என்கிறார். அவர் ‘இம்பார்ஷியல்’, எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் அந்த மாணவி பாதி விடைத்தாளோடு எழுந்து போகிறாள். அவளுக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் அது ‘ஈக்விட்டபிள்’, மேடு பள்ளத்தைச் சமன் செய்வது. அந்தச் சலுகை விதியில் இருந்து அதன்படி அவளுக்குக் கிடைத்தால் ‘ஜஸ்ட்’. பக்கத்து மேசையில் இருப்பவன் இதைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று மீண்டும் எழுதக் குனிகிறானே, அவன் மனத்தில் ஓடுவது ‘ஃபேர்’. அந்தச் சொல்லில் சட்டத்தைவிடக் கூட இருப்பவர்களின் ஒப்புதல்தான் அதிகம். ஜெர்மானியர்கள் இதற்கு ஈடு தேடாமல் ‘ஃபேர்’ என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நமக்கும் ஒரே சொல் அகப்படவில்லை என்று வருந்த வேண்டாம். இடம் பார்த்து நியாயம், நேர்மை, நடுநிலை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான்.

எதிராளியைக் கேட்கும் வழியை நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1805 இல் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். அதை விரித்து 1852 இல், தமது 73 ஆவது வயதில் வெளியிட்டார். ஆங்கிலத்தின் புகழ்பெற்ற ஒத்தசொல் களஞ்சியம் அதுதான். அதில் எதிரெதிர்க் கருத்துகளை ஒரே பக்கத்தில் இரு பத்திகளாக நேருக்கு நேர் நிறுத்தியிருந்தார். சண்டைக்கோழிகளைப்போல நிற்கும். என் பெருமை அன்றோடு போயிற்று.

நம் இலக்கணம் இன்னும் பழையது. ஒருபொருள் குறித்த வேறுசொல், வேறுபொருள் குறித்த ஒருசொல் என்று தொல்காப்பியம் திரிசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. ‘ஃபேர்’ இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்தும். நம்மிடமும் அதற்கொரு தோழி இருக்கிறாள்: செம்மை. கருமைக்கு எதிரே நின்றால் அது சிவப்பு. கொடுங்கோலுக்கு எதிரே செங்கோலாக நின்றால் அது நேர்மை. கொடுமை என்பதன் பழைய பொருளே வளைவுதான். வளைந்தது கொடுங்கோல், வளையாதது செங்கோல். வள்ளுவரும் தராசுக் கோலைக் காட்டி, ‘ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி’ என்றார். கோடாமை என்றால் வளையாமை. அதை ‘அணி’ என்று சொன்னதைக் கவனித்தீர்களா? நியாயத்தை அழகு என்கிறார். ஆங்கிலத்தில் ஒரே சொல் நூற்றாண்டுக்கணக்கில் நடந்து கடந்த தூரத்தை அவர் ஓர் அடியில் தாண்டிவிட்டார்.

சென்ற முறை இதே உரையை மாணவர்களிடம் நிகழ்த்தினேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, ‘ஃபேர் இனஃப் என்கிறார்களே, அதற்கு எதிர்ச்சொல் எது?’ என்று கேட்டாள். அது முழுச் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, வாதத்தை இந்த மட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்கிற சைகை, அதனால் அதற்கு எதிராளி கிடையாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். ‘ஃபேர் இனஃப்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதில் ஒப்புதல் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.