பயிற்சிக்குப் போன பையனிடம் போனில் என்ன கேட்பது?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் ஒரு பையன் ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டால் ஊர் சும்மா இருக்காது. உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் முக்குக்கு ஒரு ஃபிளெக்ஸ் பார்க்கலாம். கீழே சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் படங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் பையன். பயிற்சிக்கே இன்னும் கிளம்பியிருக்க மாட்டான், படத்தில் யூனிஃபார்ம் மாட்டிவிட்டிருப்பார்கள். நான் தேர்வானபோது ஃபிளெக்ஸ் கிடையாது. எங்கள் அப்பத்தா தெருவில் வீடு வீடாகப் போய்ச் சீனி கொடுத்தார். பெருமை எல்லாம் ஒரே பெருமைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெருமை பயிற்சிக் காலத்தில் பையனின் கால் எலும்பை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குத் தேர்வானவன் நீலகிரியில் வெலிங்டனுக்குப் போவான். 1758-இல் உருவான பழைய ரெஜிமெண்ட் அது. குன்னூரை ஒட்டிய இடம், சுமார் 6,000 அடி உயரம். அங்கே நான் ரெக்ரூட்டாக, அதாவது பயிற்சி வாங்கும் புது ஆளாக இருந்தேன், பல வருடம் கழித்து அதே இடத்துக்கு உஸ்தாதாகவும் போனேன். பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இங்கிருந்து போகிற பையன்கள் ஓட்டத்துக்குக் குறையே வைப்பதில்லை. தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. அதற்காக வெள்ளென எழுந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டிலும் ஓடுகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடிக் காட்டியாயிற்று, இனி பயம் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம்.

முதல் சில வாரம் அவனைப் படுத்துவது ஓட்டம் இல்லை. விடியும் முன் குளிர்ந்த தண்ணீரில் முகச்சவரம். கட்டிலில் கம்பளி மடிப்பு பக்கத்துக் கட்டிலோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பூட்ஸ் நுனியில் துணியைச் சுற்றிய விரலால், துளி தண்ணீர் தொட்டு, பாலிஷைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முகம் தெரிகிற வரைக்கும். வீட்டில் தட்டைக்கூட அம்மா கழுவி வைத்த பையன் அவன். கட்டளை எல்லாம் இந்தியில். பக்கத்துக் கட்டிலில் கேரளாக்காரர், எதிரே ஆந்திராக்காரர். லங்கரில், அதாவது சமையல்கூடத்தில், சப்பாத்தி. இதெல்லாம் பழகிவிடும். சட்டைப் பித்தான் தைக்கவும், தன் துணியைத் தானே துவைக்கவும் வீட்டிலேயே பழக்கி அனுப்பினால் இன்னும் சீக்கிரம் பழகும்.

பழகாத ஒன்று இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பில் வரும் வலி.

டிரில்லில் 'சாவ்தான்' (அட்டென்ஷன்) என்றதும் முழங்காலை உயர்த்தி, பூட்ஸ் காலை ஓங்கித் தரையில் இறக்க வேண்டும். மைதானமோ கல் மாதிரி இருக்கும். காலையில் பீ.டி., அப்புறம் டிரில், மாலையில் விளையாட்டு, இடையில் எங்கே போனாலும் ஓட்டம். ஊரில் ஓடி ஓடி நுரையீரலும் தசையும் தயாராகியிருக்கும். எலும்பும் பாரத்துக்குப் பழகும், ஆனால் தசையைவிட மெதுவாக. திடீரென்று பாரம் கூடினால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் போதாமல் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அந்தக் கட்டத்தில் சொல்லிவிட்டால் சில வார ஓய்வில் ஆறிவிடும். மறைத்துக்கொண்டு ஓடினால் ஒரு நாள் எலும்பு முறிந்தே போகும்.

தசைவலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. தசைவலி இரண்டு காலிலும் பரவி இருக்கும், ஓரிரு நாளில் இறங்கும். எலும்பு வலி ஒரே இடத்தில் நிற்கும், விரலை வைத்து அழுத்தினால் ஆள் துள்ளுவான். ஓட ஓடக் கூடும். முற்றினால் சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கும்.

நான் உஸ்தாதாக இருந்தபோது மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். ஓட்டத்தில் முதல் வரிசை. ஒரு நாள், பையன்கள் தங்கும் பேரக் படிக்கட்டில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல உஸ்தாத்." கட்டிலில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றச் சொல்லி, எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். சத்தமே போடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப்போனது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஊர்ல ஃபிளெக்ஸ் வச்சிட்டாங்க உஸ்தாத்" என்றான்.

பயிற்சியில் சில வாரம் விட்டுப்போனால் அடுத்த பேட்சோடு சேர்ப்பார்கள். ரெலிகேஷன் என்போம். பையன்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே நடுக்கம். கூட வந்தவன் முன்னால் போய்விடுவான், ஊரில் 'ஃபெயிலாயிட்டான்' என்பார்கள் என்று பயம். அது ஃபெயில் இல்லை. அந்த மேலூர்ப் பையன் அடுத்த பேட்சில்தான் முடித்தான், முடித்து யூனிட்டுக்குப் போனான். இப்போது இந்தப் பயம் கூடியிருக்கிறது. 2022-இல் அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபாத் திட்டம் வந்த பிறகு பயிற்சி ஏறக்குறைய ஆறு மாதம்தான். மொத்தப் பணியே நான்கு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தர இடம். பதினேழரை வயதில் போகிறவன், ஒரு நாள் பின்தங்கினாலும் எல்லாம் போச்சு என்றுதான் நினைப்பான்.

இங்கேதான் வீட்டுக்கு வேலை இருக்கிறது. ரெக்ரூட் கையில் போன் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் அப்பா, "ஊரே உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கு, மானத்தைக் காப்பாத்து" என்கிறார். அம்மா அழுகிறார். இரண்டையும் கேட்டுவிட்டுப் போகிறவன் கால் வலியை யாரிடமும் சொல்ல மாட்டான். அம்மாமார்களே, அழாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்: "கால் எப்படி இருக்கு? ஒரே இடத்துல வலிக்குதா? எம்.ஐ. ரூம் போனியா?" எம்.ஐ. ரூம் என்பது அங்கே டாக்டர் பார்க்கும் இடம். கூடவே, "பேட்ச் தள்ளிப்போனா போகட்டும், நாங்க அடுத்த பரேடுக்கு வர்றோம்" என்று அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். மாமா சொன்னால் போதாது, அப்பா சொல்ல வேண்டும்.

பயிற்சி முடிவில் கசம் பரேடு. தேசியக் கொடியின் முன்னால் உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றோரையும் அழைத்து கௌரவ் பதக் என்ற வெள்ளிப் பதக்கம் தருவார்கள். அதற்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். முந்தின நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது.

நன்றி, வணக்கம்.