ஒரு கட்டை, பல வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது என் தொழில். அச்சு ஓவியம் என்பார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டை ஒட்டிய ஓர் அறைதான் என் பட்டறை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அம்மா, இது ஒரிஜினலா, பிரிண்டா?" என்பதுதான். இரண்டும்தான் என்பேன். கூட்டத்தில் அதற்கு மேல் விளக்க முடியாது. இன்று வானொலியில் அதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

தபால் நிலையத்தில் ரப்பர் முத்திரை குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தால் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். மேடாக நிற்பதில்தான் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. மரக்கட்டை அச்சின் அடிப்படை இவ்வளவுதான். வெள்ளையாக வரவேண்டிய இடத்தை உளியால் எடுத்துவிட வேண்டும். கறுப்பாக வரவேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மை தடவிய கட்டைமேல் தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் ஏறிவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே வரைந்து முடித்த ஓவியத்தை நான் நகலெடுக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மூலம் வேண்டும். இங்கே தாளுக்கு முன்னால் மூலம் என்று எதுவும் கிடையாது. இருபது தாள் அச்சிட்டால் இருபதுமே மூலம்தான். ஓரத்தில் பென்சிலால் 7/20 என்று எழுதியிருந்தால், இருபதில் இது ஏழாவது என்று பொருள். ஏழாவது, முதலாவதைவிட மட்டம் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், மட்டம் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது குடியாத்தம். எங்கள் தெருவில் ஒரு பக்கம் லுங்கித் தறி, மறு பக்கம் பீடி முறம். அம்மா பீடி சுற்றினார். இரவில் இலைகளைத் தண்ணீரில் நனைத்து, உதறி, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். காய்ந்த இலையைச் சுருட்டினால் உடைந்துவிடும். நீர் சொட்டும் இலையும் ஆகாது. காலையில் சாக்கைப் பிரித்து, விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்து, "பதம் வந்துவிட்டது" என்பார். பிறகு இலைமேல் அளவுத் தகட்டை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கத்தரிப்பார். பள்ளிக்குக் கிளம்பும் வரை பக்கத்தில் உட்கார்ந்து இலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. இலை போதாத நாள்களில் அவர் படும் கவலையும் எனக்குத் தெரியும். சுற்றிய பீடிகளின் எண்ணிக்கையில்தான் கூலி இருந்தது.

பின்னாளில் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். 1850-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே எட்சிங் வகுப்பில், தாள்களை முந்தின நாளே நனைத்து, அடுக்கி, மூடி வைக்கச் சொன்னார்கள். எட்சிங்கில் முறை தலைகீழ். செப்புத் தகட்டில் அமிலம் அரித்த மெல்லிய கோட்டுப் பள்ளத்துக்குள்தான் மை இருக்கும். தாள் ஈரத்தில் இளகியிருந்தால்தான் இயந்திரம் அழுத்தும்போது அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு ஈரம் என்று மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டம் வாங்கியது சென்னையில். தாளின் பதம் கற்றது அம்மாவின் முறத்தடியில்.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். கத்திரியில் நனைத்த தாள் கண்ணெதிரே காய்ந்து மொடமொடப்பாகிவிடும். மையும் இளகி, நுண்ணிய கோடுகளை அடைத்துவிடும். அதனால் மே மாதத்தில் விடிவதற்கு முன்பே அச்சு வேலை. வாசல் தெளிக்கிற நேரத்துக்குக் கொடியில் தாள்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பகலில் உளி வேலை மட்டும்.

குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசினால் தீப்பெட்டிப் படங்களை விட்டுவிட முடியாது. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழிலும் உண்டு. சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது, பெட்டிமேல் ஒட்டுகிற அந்தச் சின்ன லேபிளுக்காகவும் அச்சகங்கள் தேவைப்பட்டன. இன்று நாம் பார்க்கிற காலண்டர் தொழிலின் வேர் அதில்தான் இருக்கிறது. அந்த லேபிள்களைக் கிழியாமல் உரித்து, நோட்டில் ஒட்டி வைப்பேன். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அச்சிடுவார்கள் அல்லவா? சில பெட்டிகளில் சிவப்பு நகர்ந்து விழுந்திருக்கும். கிளியின் மூக்கு முகத்தை விட்டுத் தள்ளி நிற்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது கழிவு. எனக்கு அதுதான் வேண்டும். ஒரே கிளியை வரிசையாக ஒட்டிப் பார்த்தால் ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும். ஒரே அச்சிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு தாளுக்கும் தனி முகம் உண்டு என்று அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது.

பாட்டி வீட்டில் ரவிவர்மாவின் லட்சுமி படம் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அவர் 1894-இல் பம்பாயில் கல்லச்சு அச்சகம், அதாவது கல்லில் படம் வரைந்து அச்சிடும் அச்சகம், தொடங்கினார். அதுவரை அவருடைய ஓவியம் அரண்மனைச் சுவரில் இருந்தது. அச்சு வந்த பிறகு ஓட்டு வீட்டு மாடத்துக்கும் வந்தது. என் பாட்டி தினமும் விளக்கேற்றியது அந்தத் தாளுக்குத்தான். அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலும் முள்செடியுமாகவே ஆற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று வாய் பிளந்தார்கள். பெரியவர்கள் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் செதுக்க ஆரம்பித்தேன். எடுத்துக்கொண்டது இடித்த வீட்டின் பழைய பலாக் கதவுப் பலகை. அதைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்தால் மென்மையான பகுதி போய், மரத்தின் ரேகை மட்டும் மேடாக நிற்கும். அதில் மை தடவி ஒற்றினால் ஓடுகிற நீர்! ஆற்றை நான் செதுக்கவே இல்லை, மரத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. பாலமும், கைப்பிடிச் சுவரில் சாய்ந்த தலைகளும் மட்டுமே என் உளி வேலை.

அந்தப் படத்தை ஒரு செவிலியர் தவணையில் வாங்கினார். ஆம்பூரில் ஒரு செருப்புக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். மேல்பட்டியில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் இருக்கிறது. ஆளுக்கொரு தலையைக் காட்டி, "இது நான்தான்" என்கிறார்கள். அந்த வெள்ளத்தை ஊரே நின்று பார்த்தது. அந்தப் படம் பணக்காரர் ஒருவரின் கூடத்தில் மட்டும் தொங்குவது நியாயமா? அச்சு ஓவியத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அச்சு ஓவியர் கிருஷ்ணா ரெட்டி. 1925-இல் சித்தூர் பக்கம் நந்தனூரில் பிறந்தவர். சித்தூர் 1911 வரை நம் வட ஆர்க்காட்டின் தலைநகரம். இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்து, பாரிசில் ஹேய்ட்டர் என்ற அச்சு ஓவியரின் பட்டறைக்குப் போனார். அதுவரை பல நிறம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பல தகடுகள் வேண்டும். அங்கே ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றும் முறை உருவானதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றை ஒன்று ஏற்காமல் விலகி நிற்கும். அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, மெத்தென்ற ரோலரால் ஒரு நிறமும் கெட்டியான ரோலரால் இன்னொரு நிறமும் ஏற்றுவார்கள். சிற்பியும் அல்லவா, தகட்டையே சிற்பம் போல ஆழ ஆழக் குடைந்தார். நீர்ச்சுழலை வைத்து 1963-இல் அவர் செய்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2018-இல் நியூயார்க்கில் காலமானார். இந்த மண்ணில் அவர் பெயர் தெரியாத கலை மாணவர்கள் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் எப்படித் தொடங்கிக் கொடுப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு வெண்டைக்காயும் தண்ணீர் வண்ணமும் போதும், உளி வேண்டாம். பத்து வயதுக்கு மேல், செருப்பின் அடிப்பாகத்துக்கு வைக்கிற ரப்பர் தகடு வாங்குங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் துண்டாகவே கிடைக்கும். மரத்தைவிட எளிதாகச் செதுக்கலாம். பெரியவர் யாராவது பக்கத்தில் இருங்கள். தகட்டைப் பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும், முன்னால் வரவே கூடாது. வணக்கம்.