ஒரே ஜன்னலில் இரண்டு குளவிக்கூடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலில் இரண்டு குளவிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று மண்கூடு. குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார் அம்மா. அதைக் கலைக்கவே விடமாட்டார். இன்னொன்று, மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டிய காகிதக்கூடு, சிறு காம்பில் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண்தான் தூரம். ஆனால் உயிர்களின் வரலாற்றில் அது ரொம்ப தூரம்.

மண்குளவி தனிக்கட்டை. அறை கட்டும், புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே வைக்கும், முட்டையிட்டு வாயை அடைத்துவிட்டுப் பறந்துவிடும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்கிறோமே, அந்தப் புழு குளவி ஆவதில்லை. உள்ளே பொரிக்கும் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு.

காகிதக்கூட்டில் பல பெண்குளவிகள் சேர்ந்து வாழ்கின்றன. முட்டையிடுவது ஒருத்தி மட்டும். மற்றவை இரை தேடி வந்து, தாங்கள் பெறாத குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. நம் ஊர் ஆட்டோக்காரர்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் இந்தக் குளவிகளைத்தான் கவனித்தார். ரோபலிடியா மார்ஜினேட்டா என்பது அந்த இனத்தின் பெயர். ஒவ்வொன்றுக்கும் வண்ணப் பொட்டு வைத்து, எது என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் குறித்தார்கள். முட்டையிடும் ராணி ஆச்சரியமான சாது, யாரையும் அதட்டுவதில்லை. அவளை எடுத்துவிட்டால், நேற்றுவரை வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தி சில நிமிடங்களிலேயே ஆவேசம் கொண்டு மற்றவர்களை முட்டத் தொடங்குகிறாள். சில நாட்களில் முட்டையிடுகிறாள். பிறகு அவளும் சாதுவாகிவிடுகிறாள்.

பிடிக்காவிட்டால் ஒரு குளவி வெளியேறித் தனியாகவும் கூடு கட்டலாம். தேனீயால் இது முடியாது. ராணித்தேனீயைத் தனியே விட்டால் குடும்பம் தொடங்கத் தெரியாது, வேலைக்காரத் தேனீ தனியாக இருந்தால் செத்துப்போகும். எனக்கு இந்தக் குளவிகள்மேல்தான் ஆசை அதிகம். சேர்ந்தாயிற்று, ஆனால் திரும்பிப் போகும் வாசல் இன்னும் அடைபடவில்லை.

வாசல் முழுக்க அடைபட்ட சேர்க்கை ஒன்று உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மைட்டோகாண்டிரியா, நம் செல்களுக்குச் சக்தி தரும் சின்ன உறுப்பு, ஒருகாலத்தில் சுதந்திரமாகத் திரிந்த பாக்டீரியா. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார்; அதற்கு முன் பல இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தன. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மைட்டோகாண்டிரியாவுக்கு இப்போதும் தனி டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அதில் எஞ்சியிருப்பவை 37 மரபணுக்கள். மற்றவற்றில் பல செல்லின் உட்கருவுக்கு இடம் மாறிவிட்டன. வீட்டுப் பத்திரத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டவர் எங்கே திரும்பிப் போவார்?

சேர்வதற்குக் கோடி ஆண்டு வேண்டுமா என்றால், தொடக்கத்துக்கு வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் ராட்க்ளிஃபும் சக ஆய்வாளர்களும் ஒற்றைச் செல் ஈஸ்டைக் குழாயில் வளர்த்து, சீக்கிரம் அடியில் படிபவற்றை மட்டும் தினமும் எடுத்து மறுபடி வளர்த்தார்கள். கொத்தாக இருந்தால் சீக்கிரம் படியும். 60 நாட்களில், தாய்ச்செல்லைவிட்டுப் பிரியாத கொத்து ஈஸ்டுகள் வந்துவிட்டன. 2012இல் வெளியான ஆய்வு இது. அந்தக் கொத்தில் சில செல்கள் செத்து, அந்த இடத்தில் கொத்து உடைந்து பெருக வழிவிடுகின்றன. தனிச்செல்லுக்கு அது மரணம், கொத்துக்குப் பிள்ளைப்பேறு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, "சார், காகிதக்கூட்டைக் கொளுத்திடலாமா?" என்றார். கொட்டினால் வலிக்கும், பயம் நியாயம்தான். பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். நேற்று மாலை அவரும் நானும் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு குளவி கூட்டைவிட்டு வந்து, மேல்சட்டத்தில் புதிதாக ஒரு காம்பு கட்டிக்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.