வேட்டைத் துவக்கில் முதலில் எதைப் பார்ப்பது?

திருகோணமலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வேட்டைத் துவக்கைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டபோது, இந்த ஊரில் யாருக்கு இது பயன்படும் என்றுதான் முதலில் நினைத்தேன். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும் நாட்டில் மானையோ மரையையோ சுட முடியாது, சுடவும் கூடாது. பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் டவுனுக்குள் திரிகின்றன. அவை அப்படியே திரியட்டும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருப்பதும் பெரும்பாலும் சிதறுகுண்டு போடும் சொட்கன்தான்.

ஆனால் நம்முடைய வீடுகளில் ஒருவராவது கனடாவில் இருக்கிறார். நானும் பல காலம் அங்கே இருந்து, குளிர்காலத்துக்கு முன் மான் வேட்டைக்குப் போய் வந்தவன். அங்கே பாதுகாப்பு வகுப்பில் சித்தியடைந்து, அனுமதி எடுத்து, பருவம் பார்த்துச் சட்டப்படி வேட்டையாடலாம். நம்முடைய பிள்ளைகளும் இப்போது போகத் தொடங்கிவிட்டார்கள். தொலைபேசியில் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "மாமா, டிக்கா வாங்கவா, வின்செஸ்டர் வாங்கவா?"

எந்தக் கம்பனி, எந்த ரவை என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் துவக்கை வெறுமையாக்குவது எப்படி என்று கேளுங்கள் என்பேன். ஒரு நாள் வேட்டையில் வெடி வைப்பது ஒரு தடவையாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ரவையை இறக்குவதோ பல தடவை. வாகனத்தில் ஏறமுன் இறக்க வேண்டும். ரவை போட்ட துவக்கை வாகனத்தில் கொண்டுபோவது கனடாவில் குற்றம். வேலி தாண்டமுன் இறக்க வேண்டும். இருட்டியதும், விரல் விறைத்த நிலையில், கூடாரத்துக்குத் திரும்பி இறக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் நிற்கும் நேரமும் அதுதான்.

சரி, நான் பேசப்போவது போல்ட் அக்ஸன் என்ற வகைத் துவக்கைப் பற்றி. அது என்ன? கதவுத் தாழ்ப்பாளைப் போல ஓர் உருக்குத் தண்டு. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த ரவை குழலுக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். நம்மூர்ப் பெரியவர்கள் பொலிஸ்காரர் தோளில் பார்த்த திறீ நொட் திறீ, அதாவது லீ என்பீல்ட் றைபிளும் இந்த வகைதான். கனடாவின் வடக்குப் பனிப்பகுதியைக் காவல்செய்யும் றேஞ்சர்மார் 1947 தொடங்கிப் பல பத்தாண்டுகளாக அதே லீ என்பீல்ட் றைபிளைத்தான் தூக்கினார்கள். அதற்குப் பதிலாக இப்போது அவர்கள் கையில் இருப்பது பின்லாந்தின் டிக்காவை அடிப்படையாகக் கொண்டது.

இப்போது சேப்டிக்கு, அதாவது துவக்கு தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டுக்கு வருகிறேன். 1898ஆம் ஆண்டின் ஜேர்மன் மௌசர் துவக்கிலும், 1936இல் வந்த வின்செஸ்டர் மொடல் 70இலும் சேப்டி நெம்புக்கு மூன்று நிலைகள். மொடல் 70இல் முழுக்கப் பின்னால் இழுத்தால் போல்ட்டும் பூட்டு, ஊசியும் பூட்டு. முன்னால் தள்ளினால் வெடிக்கத் தயார். நடு நிலைதான் எனக்குப் பிடித்தது: ரவையை அடிக்கும் ஊசி பூட்டியபடியே இருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். விசையில் கையுறை பட்டாலும் ஊசி அசையாது. மெதுவாகப் பின்னால் இழுத்து ரவையை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளலாம். றூகர் ஹோக்கையிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. சவேஜ் 110இல் நெம்பு கட்டைவிரலுக்கடியில் இருக்கும். அதிலும் நடு நிலை உண்டு.

டிக்கா டி3இல் இரண்டே நிலை. சேப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிவிடும், காட்டுக்குள் நடக்கும்போது பற்றையில் மாட்டித் திறந்துகொள்ளாது, அது நல்லது. ஆனால் ரவையை இறக்க வேண்டுமானால் சேப்டியை எடுத்தே ஆக வேண்டும். டிக்கா அருமையான துவக்கு. போல்ட் எண்ணெய் விட்டதுபோல வழுக்கும், பிடியை 70 பாகை தூக்கினால் போதும், குறி தப்பாது. அதை வாங்கியவர்களைக் குறை சொல்லமாட்டேன். குழலை நிலத்துக்குக் காட்டி, விரலை விசைக்காப்புக்கு வெளியே வைத்து இறக்கிப் பழகுங்கள் என்பேன். என் சொந்தப் பிள்ளைக்கு முதல் துவக்கு வாங்குவதென்றால் மூன்று நிலை உள்ளதைத்தான் வாங்குவேன்.

பழைய துவக்கு வாங்குபவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 1962இல் வந்த றெமிங்டன் 700 கடைக்குக் கடை கிடைக்கும், விலையும் குறைவு. 1982க்கு முன் செய்தவற்றில் சேப்டி போட்டால் போல்ட் திறக்காது. இறக்குவதற்குச் சேப்டியை எடுக்க வேண்டும். 2006 மே மாதம் முதல் 2014 ஏப்ரல் வரை செய்த 700களில் எக்ஸ் மார்க் புரோ என்ற விசை இருக்கும். விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்று 2014இல் கம்பனியே அவற்றைத் திருப்பி அழைத்தது. தொடர் இலக்கத்தைக் கேட்டு, திருத்தம் செய்ததா என்று உறுதிப்படுத்தாமல் காசை நீட்டாதீர்கள்.

கோதை இழுக்கும் கொக்கியைப் பற்றி நிறையச் சண்டை போடுவார்கள். மௌசரில் நீளமான கொக்கி, ரவைகள் அடுக்கியிருக்கும் மகசீனை விட்டு ஒரு ரவை எழும்பும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பாதி தள்ளிப் பதறிப் பின்னால் இழுத்தாலும் அந்த ரவை கூடவே வரும், இரண்டு ரவை ஒன்றாய்ச் சிக்காது. றெமிங்டனிலும் டிக்காவிலும் போல்ட் மடங்கும்போதுதான் கொக்கி பிடிக்கும். கரடி உலாவும் காட்டில் இது பெரிய விடயம். மானுக்கு இரண்டும் போதும்.

ரவையிலும் அப்படித்தான். 1906இல் வந்த தேர்ட்டி ஓட் சிக்ஸும் 1952இன் த்ரீ நொட் எய்ட்டும் மானுக்கும் மூஸ் என்ற பெரிய மானுக்கும் தாராளம். பின்னதன் கோது 51 மில்லிமீற்றர், முன்னதன் கோது 63. பின்னது தோளில் கொஞ்சம் மெதுவாக இடிக்கும். எந்த ஊர்க் கடையிலும் இரண்டும் கிடைக்கும்.

அப்புறம் பிடங்கு, தோளில் வைக்கும் பின்பகுதி. நம்மில் பலருக்குக் கை கொஞ்சம் குட்டை, கடையில் தொங்கும் துவக்கு நெட்டையானவர்களுக்கு வெட்டியது. அதற்கு மேல் குளிர்கால ஜக்கற் போட்டால் பிடங்கு இன்னும் நீண்டுவிடும். அதனால் கடைக்குப் போகும்போது அந்த ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு போங்கள், வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை. துவக்கு வெறுமை என்று போல்ட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஆளில்லாத சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடித் தோளில் வையுங்கள். கண்ணைத் திறக்கும்போது ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தத் துவக்கு உங்களுக்கில்லை. இடக்கைக்காரர் இடக்கைப் போல்ட்டையே கேளுங்கள், கடைக்காரர் இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கையுறையைப் போட்டு, வெறும் துவக்கில் சேப்டியை மாற்றுங்கள், போல்ட்டைத் திறந்து மூடுங்கள், மகசீனைக் கழற்றுங்கள். மூன்றும் கையுறையோடு தடங்கலின்றி வந்தால் வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் போல்ட்டுக்குள் இருக்கும் கம்பனிக் கொழுப்பைத் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு மட்டும் விடுங்கள். கடும் குளிரில் தடித்த கொழுப்பு இறுகினால் ஊசி மெதுவாக அடிக்கும், ரவை வெடிக்காமல் போகும். அப்படி வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுத்துவிட்டுத் திறவுங்கள்.

நன்றி, வணக்கம்.