வளைகோட்டிடம் கேட்கும் கேள்வி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புக் கணிதத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களுள் அடுக்குக்குறிச் சமன்பாடுகளும் ஒன்று. விதிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்; எந்த விதி எங்கே செல்லும், ஏன் செல்லும் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன் சார்பின் வரைபடத்தைத் தம் கையாலேயே ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டால் இந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரைபடத்தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் அடுக்கு எக்ஸ் என்ற சார்பை வரைவோம். எக்ஸ் பூச்சியமானால் மதிப்பு 1. எக்ஸ் 1, 2, 3 என்று வலப்புறம் நகரும்போது மதிப்பு 2, 4, 8 என இரட்டிக்கிறது. இடப்புறம் நகரும்போது அரை, கால், அரைக்கால் எனப் பாதி பாதியாகக் குறைகிறது. இந்தப் புள்ளிகளை இழுத்துச் சேர்த்தால், எக்ஸ் அச்சை ஒட்டிப் படுத்தபடி வந்து, ஒய் அச்சை 1 என்ற உயரத்தில் வெட்டி, பிறகு செங்குத்தாக எழும் ஒரு வளைகோடு கிடைக்கும். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எக்ஸ் 10 ஆகும் இடத்தில் நமக்குப் பத்து மீட்டருக்கும் அதிக உயரமான தாள் வேண்டும்; எக்ஸ் கழித்தல் 10 ஆகும் இடத்திலோ, வளைகோட்டுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் அது அச்சைத் தொடுவதில்லை; பாதியாக்கிக்கொண்டே போனால் எந்த எண்ணும் பூச்சியமாகாது அல்லவா? அதனால்தான் எக்ஸ் அச்சை இந்த வளைகோட்டின் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

இதை எக்ஸ் வர்க்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்ஸ் 3 ஆக இருக்கையில் வர்க்கம் 9, நம் சார்பு 8. எக்ஸ் 10 ஆகும்போது வர்க்கம் 100, நம் சார்பு 1024. முன்னதில் மாறி அடிமானத்தில், அதாவது அடுக்கைத் தாங்கும் எண்ணின் இடத்தில் இருக்கிறது, பின்னதில் அடுக்கில் இருக்கிறது. வேறுபாடு முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது.

இப்போது சமன்பாட்டுக்கு வருவோம். 2-இன் அடுக்கு எக்ஸ் சமம் 32 என்றால், வளைகோடு எந்த இடத்தில் 32 என்ற உயரத்தை எட்டுகிறது என்பதே கேள்வி. வளைகோடு ஏறிக்கொண்டே செல்வதால் ஒவ்வொரு மிகை உயரத்தையும் ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. அடிமானங்கள் சமமானால் அடுக்குகளும் சமம் என்ற விதிக்கு இதுவே காரணம். 32 என்பது 2-இன் அடுக்கு 5. ஆகவே எக்ஸ் 5. 9-இன் அடுக்கு எக்ஸ் சமம் 27 என்று வந்தால் இருபுறமும் 3-ஐ அடிமானமாக்குங்கள். 2 எக்ஸ் சமம் 3 என்றாகி, எக்ஸ் ஒன்றரை எனக் கிடைக்கும்.

தேர்வில் மதிப்பெண் நழுவும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 4-இன் அடுக்கு எக்ஸிலிருந்து, 2-இன் அடுக்கு எக்ஸின் மும்மடங்கைக் கழித்து, மேலும் 4-ஐக் கழித்தால் பூச்சியம். 2-இன் அடுக்கு எக்ஸை ஒய் என்று வைத்தால் இது இருபடிச் சமன்பாடாகிவிடும். ஒய்யின் மதிப்புகள் 4, கழித்தல் 1. வரைபடம் வரைந்த மாணவர், வளைகோடு அச்சுக்குக் கீழே இறங்குவதே இல்லை என்பதை அறிந்திருப்பதால், கழித்தல் 1-ஐ உடனே தள்ளிவிட்டு, எக்ஸ் 2 என்று எழுதி முடிப்பார்.

இரு பக்கத்தையும் ஒரே அடிமானத்துக்கு எளிதில் கொண்டுவர முடியாதபோது மடக்கை துணைக்கு வருகிறது. 1614-இல் ஜான் நேப்பியர் வெளியிட்ட மடக்கைகள், எந்த அடுக்கு என்ற கேள்விக்கு விடை தருபவை. 2-இன் அடுக்கு எக்ஸ் சமம் 10 என்றால், 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்து, 10-இன் மடக்கையான 1-ஐ 2-இன் மடக்கையான 0.3010 ஆல் வகுக்க, எக்ஸ் ஏறத்தாழ 3.32.

கீழடியின் காலத்தைக் கணித்ததற்கும் இதே கணிதமே அடிப்படை. உயிர் நீங்கிய பொருளில் உள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. இந்தக் காலக்கணிப்பு முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபி 1960-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. ஒரு கரித்துண்டில் 73 சதவீதம் எஞ்சியிருப்பதாகக் கொள்ளுங்கள். 0.73-இன் மடக்கையை 0.5-இன் மடக்கையால் வகுத்தால் 0.454, அதை 5730 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2600 ஆண்டுகள். வளிமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால், ஆய்வகங்கள் மரவளையங்கள் போன்றவற்றைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்கின்றன.

இம்முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் ஏன் பயன்படுவதில்லை என்பதையும் இறங்கிச் செல்லும் வளைகோடே காட்டுகிறது. 73 சதவீதம் எஞ்சியுள்ள இடத்தில் அளவு 0.1 சதவீதப் புள்ளி கூடுதலாகப் பதிவானால் விடை 11 ஆண்டுகள்தான் பிசகும். 50,000 ஆண்டுப் பழமையான பொருளில் எஞ்சியிருப்பதோ கால் சதவீதத்துக்கும் குறைவு. வளைகோடு அங்கே அச்சோடு அச்சாகப் படுத்துக் கிடப்பதால், அதே 0.1 விடையை ஏறத்தாழ 3000 ஆண்டுகள் நகர்த்திவிடும்.

நன்றி, வணக்கம்.