சந்தேகங்களுக்கு விளக்கம்: பேலஸ் ஹோட்டல் இடிந்ததா, எரிந்ததா?

அடுத்த கேள்வி. சான் ஹோசேயில் இருக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை சான் பிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டலுக்கு டீ குடிக்க அழைத்துப் போனாராம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அப்பா, "இது 1875இல் கட்டியதுதானே, பூகம்பத்தில் விழவில்லையா?" என்று கேட்டிருக்கிறார், இவருக்குப் பதில் தெரியவில்லை. கூடவே இன்னொன்று: "போன வீடியோவில் அந்த ஹோட்டலுக்குச் சொந்தமாகவே கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன என்றீர்களே சார், பிறகு எப்படி எரிந்தது?"

முதல் கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் டீ குடித்த கட்டிடம் 1909இல் திறந்தது. பழையது 1906 ஏப்ரல் 18 அன்று போய்விட்டது. இடம் மட்டும் அதேதான், மார்க்கெட் தெருவும் நியூ மான்ட்கோமரி தெருவும் சேரும் முனை. நீங்கள் உட்கார்ந்த அந்தக் கார்டன் கோர்ட் இருக்கிறதே, பழைய ஹோட்டலில் அந்த இடத்தில் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பெரிய முற்றம் இருந்தது. தெருவிலிருந்து குதிரை வண்டி நேராக உள்ளேயே வந்து நிற்கும், சுற்றிலும் மாடி மாடியாகத் தாழ்வாரம், மேலே கண்ணாடிக் கூரை. யார் வந்து இறங்குகிறார்கள் என்று மேலே இருந்தவர்கள் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹோட்டல் என்றதும் நமக்கு இட்லி சாம்பார் ஞாபகம் வரும், இது அந்த ஹோட்டல் இல்லை. 755 அறைகள், ஏழு மாடி, அந்தக் காலத்து 50 லட்சம் டாலர் செலவு. கட்டியவர் வில்லியம் ரால்ஸ்டன், பேங்க் ஆஃப் கலிபோர்னியாவை நடத்தியவர். நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற இடத்தில் வெள்ளி வெட்டினார்கள் இல்லையா, அந்தப் பணம் இவர் கை வழியாகத்தான் ஓடியது. ஹோட்டலுக்கு நாற்காலி மேசை வேண்டும் என்றால் கடைக்குப் போய் ஆர்டர் கொடுக்கிற ஆள் இல்லை, நாற்காலி செய்ய ஒரு ஃபாக்டரியையே ஏற்பாடு செய்துகொள்கிற ஆள். கடைசியில் 1875 ஆகஸ்ட் 26ஆம் தேதி பேங்க் கதவைச் சாத்தியது. மறுநாள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அன்று மதியம் வழக்கம்போலக் கடலில் நீந்தப் போனவர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார். வயது 49. வேண்டுமென்றே போனாரா, மாரடைப்பா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் 2ஆம் தேதி ஹோட்டல் திறந்தது, கட்டியவர் பார்க்கவில்லை. கூட்டாளி வில்லியம் ஷாரன் கைக்கு எல்லாம் போயிற்று.

இந்த ரால்ஸ்டனுக்கு இரண்டு பயம். ஒன்று பூகம்பம், 1868இல் ஊரை ஒரு குலுக்கு குலுக்கியிருந்தது. இன்னொன்று நெருப்பு. தங்க வேட்டைக் காலத்தில், 1849இலிருந்து 1851க்குள், அந்த ஊர் ஆறு தடவை பெரிய தீயில் மாட்டியது. எரியும், மறுபடி மரத்திலேயே கட்டுவார்கள், மறுபடி எரியும். அதனால் இவர் தடித்த செங்கல் சுவர் எழுப்பி, நடுநடுவே இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார், நாம் பீப்பாய்க்கு வளையம் போடுவோமே அந்த மாதிரி. தண்ணீருக்கு ஊர்க் குழாயை நம்பவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டினார். அடியில் ஒரு பெரிய தொட்டி, கிட்டத்தட்ட 6,30,000 காலன். மொட்டை மாடியில் தொட்டிகள், சுமார் 1,30,000 காலன். நம் கணக்கில் இரண்டும் சேர்த்து 28 லட்சம் லிட்டருக்கு மேல். சென்னையில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி தெரியும் அல்லவா, அது 240 லாரி வந்து வரிசையில் நின்றால் எவ்வளவோ அவ்வளவு. ஒரே கட்டிடத்துக்கு! லிஃப்ட் கூடத் தண்ணீர் அழுத்தத்தில்தான் ஓடியது, 'ஏறும் அறை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முப்பது வருஷம் ஜாம் ஜாம் என்று நடந்தது. ஹவாய் அரசர் கலாகவா 1891 ஜனவரி 20 அன்று இந்த ஹோட்டலில்தான் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு எடிசன் கண்டுபிடித்த ஃபோனோகிராஃபில் அவர் குரலைப் பதிவு செய்தார்கள், அந்த மெழுகு உருளை ஹோனலுலு மியூசியத்தில் இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், கமென்ட்டில் இன்னொருவர் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கும் அதே அறையில்தானே இறந்தார் என்று கேட்டிருந்தார். ஹார்டிங் இறந்தது 1923இல், அது புதுக் கட்டிடம். பெயர் ஒன்று, ஹோட்டல் வேறு.

சரி, அந்த நாளுக்கு வருவோம். 1906 ஏப்ரல் 18, புதன்கிழமை, காலை 5:12. முந்தின இரவு மிஷன் தெருவில் இருந்த ஓபரா ஹவுஸில் என்ரிகோ கரூசோ பாடியிருந்தார், உலகத்திலேயே பெரிய பாடகர் அன்றைக்கு. அவர் தங்கியிருந்தது பேலஸில். கட்டில் கப்பல் மாதிரி ஆடியிருக்கிறது, மேலே பூச்சு உதிர்ந்திருக்கிறது, மனிதர் அலறி எழுந்தார். பயத்தில் குரல் போய்விட்டதோ என்று ஜன்னலில் நின்று பாடிப் பார்த்தார், அழுதார், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த ஊருக்கு இனிமேல் வரமாட்டேன் என்று போனவர் சாகிறவரை திரும்பி வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

இங்கேதான் உங்கள் அப்பாவின் கேள்விக்குச் சரியான பதில் இருக்கிறது. பூகம்பத்தில் அந்த ஹோட்டல் விழவில்லை. சாமான் உருண்டது, காரை உதிர்ந்தது, சுவர் நின்றது. அன்று எடுத்த போட்டோக்களைத் தேடிப் பாருங்கள், வரிசை வரிசையாக ஜன்னல்களோடு முழுக் கட்டிடமும் நிமிர்ந்து நிற்கும், ஜன்னல் வழியாகப் புகை வரும். ரால்ஸ்டனின் முதல் பயத்துக்குக் கட்டிய இரும்புப் பட்டை வேலை செய்துவிட்டது.

இரண்டாவது பயம்தான் ஜெயித்தது. குலுக்கல் நின்ற உடனே ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தீப்பிடித்தது. அடுப்பு கவிழ்ந்தது, கேஸ் குழாய் உடைந்தது, புகைக்கூண்டு விரிசல் விட்டது தெரியாமல் ஒரு வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டி அது ஒரு பெரிய தீயாகக் கிளம்பியது. ஊரில் பத்துக்கு ஒன்பது வீடு மரம். மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே, அதாவது ஹோட்டலின் பின்பக்கம், சதுப்பை மண் கொட்டி மூடிய இடத்தில் மலிவு வாடகை மரக் கட்டிடங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றன. தீயணைப்பு வண்டிகள் வந்தன, குழாயை மாட்டினார்கள், திறந்தால் தண்ணீர் இல்லை. பூமிக்கடியில் குழாய் துண்டு துண்டாகியிருந்தது. மூன்று பக்கம் கடல் இருக்கிற ஊர் அது.

தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் வருஷக்கணக்காக, கடல் தண்ணீரை இழுக்க ஒரு தனிக் குழாய் அமைப்பு வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர். முந்தின வருஷம், 1905இல், இன்ஷூரன்ஸ்காரர்களின் சங்கம் ஓர் அறிக்கை கொடுத்தது. இந்த ஊர் இன்னும் எரியாமல் இருப்பதே எங்கள் அனுபவத்துக்கு விரோதம், தீயணைப்பு ஆட்களின் விழிப்புதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார்கள். பூகம்பத்தன்று பக்கத்து ஹோட்டலின் புகைக்கூண்டு சரிந்து, சல்லிவன் படுத்திருந்த ஃபயர் ஸ்டேஷனைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. ஒரு உத்தரவுகூட அவரால் போட முடியவில்லை. நான்கு நாள் கழித்து இறந்தார்.

பேலஸிலோ தண்ணீர் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். மொட்டை மாடியிலும் பின்பக்க ஜெஸ்ஸி தெருவிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்கத் தீயைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து பக்கத்துத் தெருக்களுக்கும் போனது. பின்னே, அடுத்த கட்டிடம் எரியும்போது நம் தொட்டி நம்முடையது என்று மூடி வைக்க முடியுமா? வைத்தாலும் பயன் இல்லை, அடுத்தது எரிந்தால் இதுவும் எரியும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீயணைப்புக் குழாய் ஒன்று நிமிஷத்துக்கு ஏறக்குறைய 950 லிட்டர் அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய் என்றால் 28 லட்சம் லிட்டர் இரண்டு நாள் வரும். ஓர் அறையில் தீ, ஒரு மாடியில் தீ என்றால் தாராளம். இருபது குழாய் திறந்தால்? இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். ரால்ஸ்டன் தன் ஹோட்டலுக்குள் பிடிக்கிற தீக்குத் தொட்டி கட்டினார். ஊரே எரிந்துகொண்டு வந்து வாசலில் நிற்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை, யார்தான் போடுவார்கள்?

தண்ணீர் வற்றியது. பிற்பகலில் தீ உள்ளே போனது. செங்கல் எரியாதே என்று கேட்பீர்கள். செங்கல் எரியாது, ஜன்னல் உடையும். அந்த ஹோட்டலின் அழகே அறைக்கு அறை வெளியே துருத்திக்கொண்டிருந்த ஜன்னல்தான். எதிர்ப்பக்கம் கட்டிடம் எரிகிற வெக்கையில் முதலில் கண்ணாடி தெறிக்கும், அப்புறம் திரைச்சீலை பற்றும், அங்கிருந்து கம்பளம், மரத்தளம். வெளியே சுவர் கல்லு மாதிரி நிற்க, உள்ளே அடுப்பு. அன்று சாயங்காலம் மிஞ்சியது வெறும் கூடு. நான்கு நாளில் 28,000 கட்டிடங்கள் போயின, 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், நாலு லட்சம் பேர் இருந்த ஊரில் பாதிக்கு மேல் வீடில்லாமல் பூங்காக்களில் கூடாரம் போட்டார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் எழுதியதைப் படித்தால் பூகம்பம் என்ற வார்த்தையே வராது, 'பெருந்தீ' 'பெருந்தீ' என்றே இருக்கும். காரணம் காசு. பாலிசி தீக்குத்தான், பூகம்பத்துக்கு இல்லை. அதிலும் பல பாலிசிகளில் ஒரு கொக்கி: கட்டிடம் முதலில் விழுந்து, அப்புறம் எரிந்தால் பணம் கிடையாது. அதனால் இடிந்த வீட்டுக்காரரும் எரிந்தது என்றுதான் சொன்னார். ஊருக்கு முதலீடு கொண்டுவர நினைத்த வியாபாரிகளுக்கும் அது வசதி, தீ எந்த ஊரிலும் வரும், பூகம்பம் என்றால் எவன் வருவான்? ஆகவே ஒரு கட்டிடம் எரிந்தது என்று எழுதியிருந்தால் நான் உடனே நம்புவதில்லை, போட்டோவைத் தேடுவேன். பேலஸுக்கு அந்தப் போட்டோ இருக்கிறது, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்புறம் நடந்தது சின்னக் கதை. வேறு தெருவில் 'குட்டி பேலஸ்' என்று தற்காலிகமாக ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். பழைய சுவர் அவ்வளவு லேசில் விழவில்லை, இடித்து எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. 1909 டிசம்பரில் புதுசு திறந்தது.

நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் இரண்டு இடம் காட்டுங்கள். ஒன்று, சான் பிரான்சிஸ்கோவில் சில நாற்சந்திகளில் தார் ரோட்டுக்கு நடுவே செங்கல் பதித்த பெரிய வட்டம் தெரியும், கோலம் போட்ட மாதிரி. அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சல்லிவன் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அந்தத் தனித் தண்ணீர் ஏற்பாட்டை எரிந்த பிறகு, 1913க்குள், கட்டி முடித்தார்கள், இந்தத் தொட்டிகளும் அதோடு சேர்ந்தவை.

இன்னொன்று, டொலோரஸ் பார்க் மேட்டில், இருபதாவது தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய்த் தூண். அந்தப் பக்கமெல்லாம் குழாய் செத்துப்போன நேரத்தில் இது ஒன்றில்தான் தண்ணீர் வந்தது, அதை வைத்துத்தான் மிஷன் பகுதியைக் காப்பாற்றினார்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 18 விடியற்காலையில் ஆட்கள் கூடி அதற்குத் தங்க நிறம் அடிக்கிறார்கள். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி அந்தத் தூண் கொஞ்சம் குண்டாகவே ஆகிவிட்டது.